மாயாற்றில் எஞ்சியிருக்கும் திமில் மீன்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. தூண்டில் விளையாட்டுக்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் மயில் மீனைப் பார்க்க வேண்டுமானால் நாம் இராமேசுவரத்துக்கோ தூத்துக்குடிக்கோதான் போக வேண்டும். வெதுவெதுப்பான ஆழ்கடலில், முதுகுத் துடுப்பை உயர விரித்து, நரம்பை இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே துள்ளும் அந்த மீனுக்காக உலகெங்கும் ஆட்கள் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் ஆற்று மீன் என்று வந்துவிட்டால், அதே ஆட்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கப்பலேறித் தேடி வந்தது நம் பக்கத்து ஆறுகளைத்தான். காவிரியிலும் அதன் கிளைகளான கபினி, பவானி, மாயாறு, அமராவதியின் தலைப்பு ஓடைகளிலும் வாழ்ந்த மஹ்சீர் மீன் அவர்களுக்கு மயில் மீனுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு எடை இருந்தது. கிட்டத்தட்ட 54 கிலோ. மஹ்சீர் தூண்டில் பிடிப்பில் இன்றுவரை அதுவே உலக சாதனையாகச் சொல்லப்படுகிறது. வேட்டை விலங்குகளைப் பாடம்செய்து கொடுப்பதில் உலகப் புகழ்பெற்ற குடும்பம் அவருடையது. அந்த மீன் இமயமலை ஆறுகளிலும் இருக்கிற சாதாரண மஹ்சீர் அல்ல. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தனி இனம். அதற்கு அறிவியல் முறைப்படி இன்ன பெயர் என்று உறுதியானது 2018ஆம் ஆண்டில்தான். உறுதியான அதே ஆண்டில், அற்றுப்போகும் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. இவ்வளவு பெரிய, இவ்வளவு புகழ்பெற்ற மீன் எப்படி இத்தனை காலம் பெயரில்லாமல் இருந்தது, புகழ் இருந்தும் எப்படி அழிவின் வாசலுக்கு வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் கிடக்கிறது.

முதலில் மீனைப் பார்ப்போம். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் குளத்தில் பிடிக்கும் கெண்டைக்கும் ரோகுவுக்கும் உறவு. தடித்த உதடு, வாயோரம் நான்கு மீசை, உள்ளங்கையை நிறைக்கும் செதில். வளர்ந்த மீனுக்குத் தலைக்குப் பின்னால் தொடங்கி முதுகுத் துடுப்பு வரை உடம்பு மேலே எழும்பி நிற்கும். காங்கேயம் காளையின் திமிலைப் பார்த்த கண்ணுக்கு அந்த எழுச்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. துடுப்புகள் ஆரஞ்சு நிறம். ஆகவே திமில் மஹ்சீர் என்றும், ஆரஞ்சுத் துடுப்பு மஹ்சீர் என்றும் அழைக்கிறார்கள்.

வாயைத் திறந்து பார்த்தால் தாடையில் ஒரு பல்கூட இருக்காது. பற்கள் தொண்டையில் இருக்கின்றன. செவுள் வளைவுகளின் கடைசி இணை, பல் வரிசை கொண்ட கனமான எலும்பாக மாறியிருக்கிறது. நத்தையையும் நண்டையும் வாய்க்குள் உறிஞ்சி, தொண்டைக்குள் தள்ளி, அங்கே வைத்து நொறுக்கிவிடும். கெண்டைக் குடும்பம் முழுவதற்கும் இந்த ஏற்பாடு உண்டு என்றாலும், ஐம்பது கிலோ மீனிடம் அது நண்டு ஓட்டை உடைக்கும் ஆலையாகிவிடுகிறது. உதட்டில் மாட்டிய தூண்டில் முள் பிழைக்கும், தொண்டைக்குப் போன முள் நசுங்கும் என்று பழைய தூண்டில்காரர்கள் கண்டுகொண்டது இதனால்தான். மஹ்சீரின் உயிரணுவைப் பார்த்தால் இன்னொரு வியப்பு. பெரும்பாலான கெண்டை இனங்களுக்கு 50 குரோமோசோம்கள், மஹ்சீர்களுக்கு 100. பரிணாமத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் இதன் மூதாதையின் மரபுத்தொகுதி முழுவதும் இரட்டித்துப் போயிருக்கிறது.

நீந்தும் விதத்துக்கு வருவோம். மஹ்சீர் ஓடும் தண்ணீரின் மீன். பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் நீரும், அதற்குக் கீழே ஆழமான மடுவும் ஆகிய இரண்டும் அதற்கு வேண்டும். பகலில் மடுவில் கிடந்து, இரை தேடப் பாய்ச்சலுக்கு ஏறும். தென்மேற்குப் பருவமழை நீலகிரியிலும் ஆனைமலையிலும் கொட்டத் தொடங்கியதும், கோவையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே பவானியில் புதுவெள்ளம் வரும். ஆடிப்பெருக்கன்று கூடுதுறையில் நாம் வணங்குகிற அந்த வெள்ளம்தான் மீனுக்கும் அழைப்பு. ஆற்றை எதிர்த்து மேலேறி, கூழாங்கல் நிறைந்த ஆழம் குறைந்த ஓடைகளில் முட்டையிடும். முட்டை கற்களின் இடுக்கில் இறங்கும். பொரித்து வந்த குஞ்சும் சில நாட்கள் அந்த இடுக்குகளிலேயே ஒளிந்திருக்கும். சுத்தமான கூழாங்கல்லும், அதன் ஊடே புகுந்து போகும் ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரும் இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கதை எளிதில் புரியும்.

1873ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிரிட்டிஷ்காரர்களின் பெருமையான சால்மன் மீனைவிட மஹ்சீர் வலுவான மீன் என்று அவர் அதில் வாதாடினார். அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. அதே காலத்தில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இந்திய நன்னீர் மீன்களைக் கணக்கெடுத்து, வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் ஆறுகள் சூறையாடப்படுவதை அரசுக்கு எடுத்துச் சொன்னார். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடைசெய்தது. சட்டம் வந்து ஒன்றேகால் நூற்றாண்டு கடந்தும் பவானியிலும் காவிரியிலும் தோட்டா வெடிக்கிறது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. மேலே உதகையில் ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் டிரவுட் மீனைக் கொண்டுவந்து வளர்க்க எத்தனையோ பாடுபட்டார்கள். 1879லேயே நீலகிரிக்கென்று வேட்டைக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் போட்டார்கள். அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் கட்டினார்கள். அதே மலையிலிருந்து இறங்கும் மாயாற்றிலும் பவானியிலும் இருந்த நாட்டு மீனை எடை போட்டார்கள், படம் பிடித்தார்கள், பாடம்செய்து சுவரில் மாட்டினார்கள். அது என்ன இனம் என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

தூண்டில் போடும் முறையில் கொங்கு வீட்டுச் சமையலறையின் வாசம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் பளபளக்கும் உலோகக் கரண்டி இரைகளைக் கொண்டுவந்தார்கள். காவிரிக்கரை ஆட்கள் கேழ்வரகு மாவை இறுக்கிப் பிசைந்து, உருட்டி, வேகவைத்து இரையாக்கினார்கள். வெந்த உருண்டை கெட்டிப்பட்டுவிடும். சின்ன மீன்கள் கொத்தினால் கரையாது, பாய்ச்சலில் விட்டாலும் உதிராது. கைக்கு அடக்கமான ஒரு உருண்டையை முள்ளைச் சுற்றி அழுத்திப் பிடித்து, ஈயக்குண்டு கட்டி, மடுவின் தலைப்பில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். நண்டும் நல்ல இரை. மீன் கடித்தவுடன் முதல் ஓட்டம் கீழ்நோக்கி, ஆற்றோட்டத்தோடு சேர்ந்து. அந்த ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டருக்கு மேல் தங்கூஸ் நரம்பு ரீலிலிருந்து கழன்றுவிடும். அதற்குப் பிறகு மீன் பாறை இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தூண்டில்காரர் பரிசலில் ஏறி அந்தப் பாறைக்கே போக வேண்டியிருக்கும். பரிசலை ஓட்டுகிற ஆளுக்கு ஆறு தெரியாவிட்டால் மீனும் இல்லை, சில நேரம் தூண்டில்காரரும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய மீன்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்றே வெளியுலகம் நினைத்துக்கொண்டிருந்தது. 1978ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு குழு காவிரியில் மீண்டும் பெரிய மஹ்சீர்களைப் பிடித்ததும் பரபரப்புக் கிளம்பியது. பெங்களூரில் 1972ல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவுயிர் சங்கம் ஆற்றின் சில பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. சிவனசமுத்திரத்துக்கும் மேகதாட்டுக்கும் நடுவில் பீமேசுவரி, தொட்டமக்களி, காளிபோரே ஆகிய இடங்களில் கர்நாடக அரசு சார்ந்த முகாம்கள் வந்தன. பிடித்த மீனை எடை பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. முன்பு வலை வீசியும் வெடி போட்டும் பிழைத்த கரையோர ஆட்களில் பலருக்கு வழிகாட்டி வேலையும் காவல் வேலையும் கிடைத்தன. மீன் உயிரோடு இருந்தால்தான் கூலி என்றானபோது ஆற்றில் வெடிச் சத்தம் குறைந்தது.

அந்த முகாம்கள் அறிந்தோ அறியாமலோ செய்த பெரிய உதவி, பதிவேடு. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எத்தனை எடை என்று ஒவ்வொரு நாளும் எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டரும் கேரளத்தின் ராஜீவ் ராகவனும் இன்னொருவரும் காளிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான ஏடுகளை எடுத்துக் கணக்குப் போட்டு, 2015ல் வெளியிட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு. 6,161 மீன்கள். சிறியது அரைக் கிலோவுக்கும் கீழே, பெரியது 46.8 கிலோ. சுமார் நான்கு மணி நேரத்துக்கு ஒரு மீன். ஆண்டுகள் போகப்போக மணிக்கு இத்தனை என்ற விகிதம் ஏறிக்கொண்டே வந்தது, சராசரி எடை இறங்கிக்கொண்டே வந்தது. சிறிய மீன்கள் நிறையப் பிறந்து வளர்கின்றன என்று பொருள். பாதுகாப்பு வேலை செய்கிறது என்று மகிழ்ந்திருக்கலாம்.

எந்த மஹ்சீர் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் நிலைமை தலைகீழானது. பெருகிக்கொண்டிருந்தது நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற வேறொரு இனம். ஆரஞ்சுத் துடுப்புத் திமில் மீன் ஆண்டுக்கு ஆண்டு அருகிக்கொண்டே வந்தது. பிடிபட்ட சிலவும் பெரிய கிழட்டு மீன்கள். அவற்றின் குஞ்சுகளோ இளமீன்களோ தூண்டிலுக்கு வரவே இல்லை என்று சொல்லும் நிலை. ஒரு ஊரில் முதியோர் மட்டும் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் காலி என்றால் அந்த ஊரின் கதி என்ன என்று நமக்குத் தெரியும். மொத்த எண்ணிக்கை மட்டும் பார்த்திருந்தால் ஓர் இனம் கண்ணெதிரே அழிவதை வளர்ச்சி என்றே எழுதியிருப்பார்கள்.

நீலத்துடுப்பு மஹ்சீர் எங்கிருந்து வந்தது? அது தக்காணத்தின் கிருஷ்ணா படுகைக்குச் சொந்தமான இனம். 1970களின் தொடக்கத்தில் மராட்டியத்தில் சி. வி. குல்கர்னி அதைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து காட்டினார். லோனாவளாவில் டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகம் லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்து, மஹ்சீரைக் காக்கும் நோக்கத்தோடு நாட்டின் பல ஆறுகளுக்கும் கொடுத்தது. காவிரிக்கும் வந்தது. மஹ்சீர் குறைந்துவிட்டது, மஹ்சீர் குஞ்சு விடுவோம் என்பதுதான் அன்றைய எண்ணம். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மஹ்சீர் என்பது ஒரே மீன் அல்ல என்பதை யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். வந்த இனம் எளிதில் பெருகும் இனம். அதே மடு, அதே நண்டு, அதே கூழாங்கல். இரைக்கும் இடத்துக்கும் போட்டி, நெருங்கிய இனங்கள் என்பதால் கலப்பு, இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. அணைகளும் மணல் கொள்ளையும் வெடியும் ஏற்கெனவே மெலியவைத்திருந்த உள்ளூர் மீன் தோற்றது.

அன்புதான் இந்த மீனை அழிவின் பக்கம் தள்ளியது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். நூற்றைம்பது ஆண்டுகள் இதை நேசித்தவர்கள் எடையைத்தான் பார்த்தார்கள், மீனைப் பார்க்கவில்லை. 1839ல் தக்காணத்து மீன் ஒன்றுக்கு சைக்ஸ் என்பவர் வைத்த பெயரை, ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்று தூண்டில் நூல்கள் காவிரி மீனுக்கும் ஒட்டிவிட்டன. அந்தப் பெயர் மஹ்சீர் அல்லாத வேறொரு பேரினத்துக்கு உரியது என்று பின்னால் தெளிவானபோது, காவிரியின் ராட்சத மீன் பெயரே இல்லாமல் நின்றது. முறையான பெயர் இல்லாத இனத்தை, அழிவை நோக்கிப் போகும் உயிரினங்களைப் பதியும் செம்பட்டியலில் சேர்ப்பது எளிதல்ல. சட்டம் பாதுகாக்க வேண்டுமென்றால்கூட முதலில் பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் கிடைத்த இடம் நம் உடுமலைக்குப் பக்கம். உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர், மூணாறு போகிறவர்கள் சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போவார்கள். அந்தக் காட்டுக்குள் ஓடும் பாம்பாறு, மேற்கே போகும் கேரள ஆறுகளைப்போல் அல்லாமல் கிழக்கே திரும்பி, தமிழ்நாட்டுக்குள் வந்து அமராவதி ஆகிறது. பாம்பாற்றில் பிடித்த சில இளம் மஹ்சீர்களைக் கொண்டு குருப், ராதாகிருஷ்ணன் என்ற கேரள ஆய்வாளர்கள் ஒரு புதிய இனத்தை விவரித்திருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரால் அதற்கு டோர் ரெமாதேவியை என்று பெயர் வைத்தார்கள். இளமீனுக்குத் திமில் இருக்காது. அதனால் அந்தச் சிறு மீனையும் காவிரியின் ஐம்பது கிலோ மீனையும் யாரும் சேர்த்து நினைக்கவில்லை.

சேர்த்து நினைக்க வைத்தது மாயாறு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன், சென்னையைச் சேர்ந்த மார்கஸ் நைட் ஆகியோரும் பிண்டரும் ராகவனும் அடங்கிய குழு மாயாற்றில் திமில் மஹ்சீரைப் பிடித்து, உடலளவுகளையும் மரபணுவையும் பாம்பாற்று மீனோடு ஒப்பிட்டது. இரண்டும் ஒன்றே. 2018 ஜூனில் அந்த ஆய்வுக் கட்டுரை வெளியானது. நவம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்தது. காவிரியின் பெரும்பகுதியில் காணாமல்போன மீனுக்கு இப்போது மாயாறுதான் முக்கியமான புகலிடம்.

மாயாறு தப்பியதற்குக் காரணம் யானையும் புலியும். முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் எல்லையாக ஓடி, செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்கி, தெங்குமரஹாடாவைத் தொட்டு, சத்தியமங்கலம் காட்டோரமாக வந்து பவானிசாகர் அணைக்குள் விழுகிறது. கரை முழுவதும் புலிகள் காப்பகம். வலையோடு போகிறவனுக்கு வழியில் யானை நிற்கும். ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. மேலே பைக்காரா, மாயாறு மின்நிலையங்கள் எவ்வளவு தண்ணீரை எப்போது விடுகின்றன என்பதைப் பொறுத்து ஆறு ஏறி இறங்கும். கூழாங்கல் இடுக்கில் முட்டை கிடக்கும் வாரத்தில் நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் முட்டை வெயிலில் காயும். கீழே 1955ல் முடிந்த பவானிசாகர் அணை ஆற்றை அறுத்துவிட்டது. அதற்கு முன்பே 1934ல் மேட்டூர் அணை. 1957ல் அமராவதி அணை. மேலேறி முட்டையிட வேண்டிய மீனுக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு சுவர். இந்த அணைகளால்தான் கொங்கு மண் விளைகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் எந்த அணையிலும் மீன் ஏறிப்போக வழி யோசிக்கப்படவில்லை என்பதும் உண்மை. அணைத் தண்ணீரில் இன்று கொழிப்பவை வெளிநாட்டு ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும். ஜிலேபி 1952ல் இந்தியாவுக்குள் வந்தது. இன்று அது இல்லாத குட்டையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மீனைப் பிடித்துவிட்டு விட்டுவிடுவதால் அதற்கு என்ன ஆகிறது என்ற கேள்வியும் இங்கே முக்கியம். தூண்டிலில் மாட்டிய மீன் முழு வேகத்தில் ஓடும்போது அதன் வெள்ளைத் தசை ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்கிறது. லாக்டிக் அமிலம் சேர்ந்து இரத்தம் புளிக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது தண்ணீரிலிருந்து வரும் ஆக்சிஜன். நாமோ படம் எடுப்பதற்காக வெளியே தூக்குகிறோம். வெளியே வந்ததும் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1992ல் கனடாவில் வானவில் டிரவுட் மீன்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. களைத்துப்போகும்வரை நீந்தவிட்டு, காற்றில் தூக்காமல் விட்டவற்றில் சுமார் 88 சதவீதம் பிழைத்தன. அரை நிமிடம் காற்றில் பிடித்தவற்றில் 62 சதவீதம். ஒரு நிமிடம் பிடித்தவற்றில் 28 சதவீதம்தான். ஆய்வகச் சூழல் கடுமையானது, ஆற்றில் இவ்வளவு மோசமாக இருக்காது. காவிரியில் நீலத்துடுப்பு மஹ்சீரை வைத்து நடத்திய ஆய்வு 2016ல் வந்தது. மஹ்சீர் நன்றாகவே தாங்குகிறது, ஆனால் போராட்டம் நீள நீள தளர்ச்சி கூடுகிறது என்று அது காட்டியது. தண்ணீர் சூடானால் சிக்கல் இன்னும் பெரிது. 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். சித்திரை வெயிலில் பவானியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த 30 டிகிரி புதிதல்ல.

கடலில் இந்தப் பாடத்தை முன்பே கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கத்தில் மயில் மீன் வகைப் போட்டிகளில் இயற்கை இரை போடுவதானால் வட்டக் கொக்கிதான் மாட்ட வேண்டும் என்று 2008 முதல் விதி இருக்கிறது. வட்டக் கொக்கி குடலில் குத்தாமல் வாயோரத்தில் மாட்டும். ஆற்றிலும் எதிர்முள் இல்லாத ஒற்றை முள், வலுவான நரம்பு, குறைந்த போராட்டம், தண்ணீருக்குள்ளேயே வைத்து முள் கழற்றுவது ஆகிய இவ்வளவும் செய்தால் பெரும்பாலான மீன் பிழைக்கும்.

2012ல் காவிரி முகாம்கள் மூடப்பட்டன. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று வனவுயிர்ச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டது. விளையாட்டுக்காக விலங்கின் வாயில் முள் குத்தக் கூடாது என்ற நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் மூடியதோடு காவலும் போனது, பதிவேடும் நின்றது. வழிகாட்டியாக இருந்தவனுக்கு வேறு வேலை கொடுக்காமல் ஆற்றை மூடினால் ஆறு வெடிக்காரன் கைக்குப் போகும். என் தீர்ப்பு இதுதான்: மூடியது தவறல்ல, மாற்று ஏற்பாடு இல்லாமல் மூடியது தவறு. அதற்காக மாயாற்றில் தூண்டில் முகாம் திறக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் கூடவே கூடாது என்பேன். எஞ்சியிருப்பது கொஞ்சம். அதில் ஒன்றைக்கூடப் பணயம் வைக்க முடியாது.

மாயாற்றின் நிலையை அறிய இப்போது தூண்டிலே தேவையில்லை. மீனின் சளியும் கழிவும் உதிர்ந்த செதிலும் தண்ணீரில் மரபணுத் துணுக்குகளை விட்டுக்கொண்டே இருக்கும். ஆற்றில் சில லிட்டர் தண்ணீர் மொண்டு, நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்த வடிகட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் மேலே ஆற்றில் திமில் மஹ்சீர் இருக்கிறதா, நீலத்துடுப்பு வந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாய்வழியை மட்டும் காட்டும் என்பதால் கலப்பினத்தைப் பிடிக்க வேறு சோதனையும் வேண்டும். கோவையில் இதற்கான பல்கலைக்கழகங்களும் ஆட்களும் இருக்கிறார்கள். தெங்குமரஹாடாவில் ஆறு அறிந்த பரிசல்காரர்கள் இருக்கிறார்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை தண்ணீர் எடுத்தாலே போதும், காளிபோரே ஏட்டைப்போல இங்கேயும் ஒரு கணக்கு தொடங்கிவிடும்.

செய்யக்கூடாதது ஒன்றும் இருக்கிறது. நல்ல மனதோடு மஹ்சீர் குஞ்சு வாங்கிவந்து நம் ஆற்றில் விடும் விழா எதையும் பவானியிலோ மாயாற்றிலோ அமராவதியிலோ நடத்த வேண்டாம். பொரிப்பகத்தில் கிடைப்பது பெரும்பாலும் நீலத்துடுப்புதான். மீன்வளத் துறையும், கல்லூரிகளும், ரோட்டரி போன்ற சங்கங்களும், கோயில் குளத்துக்கு மீன் விடுகிறவர்களும் இதை மட்டும் கவனத்தில் வைத்தால் பெரிய உதவி. ஆற்றில் வலை போடும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆரஞ்சுத் துடுப்போடு, தடித்த உதட்டோடு, நான்கு மீசையுள்ள மீன் வலையில் விழுந்தால், தண்ணீருக்குள் வைத்தபடியே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். அந்தப் படத்தை வனத்துறைக்கோ அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் ஆசிரியருக்கோ காட்டுங்கள். எந்த ஆற்றில் இன்னும் இந்த மீன் இருக்கிறது என்பதை முதலில் சொல்லப்போகிறவர் நீங்களாக இருக்கலாம்.